பதிவேட்டில் பச்சை, சான்றிதழில் காலாவதி

வாசகர் கேள்வி பதில்

பொழுதுபோக்காக விமானம் ஓட்டும் சிங்கப்பூர்த் தமிழர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் மேகங்களைப் பற்றியோ எஞ்சின்களைப் பற்றியோ கேட்டவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் கேட்டது தேதிகளைப் பற்றித்தான். விமானியின் தகுதிகள் எப்போது முடிகின்றன, அதை யார் கணக்கு வைப்பது, தவறினால் யார் பொறுப்பு என்ற கேள்விகளே திரும்பத் திரும்ப வந்தன. ஒரு மன்றத்தின் பதிவேட்டைச் சில ஆண்டுகள் கையில் வைத்திருந்தவன் என்ற முறையில், அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன். முதல் கடிதம் மற்றவற்றுக்கும் வேராக இருப்பதால் அதற்கு அதிக இடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஃபிளையிங் கிளப் என்று வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு சிறிய விமான மன்றத்துக்கு நான் கௌரவச் செயலாளர். நாற்பதுக்குச் சற்றுக் குறைவான உறுப்பினர்கள் இருக்கிறோம். சொந்த விமானம் இல்லாததால் வாடகை விமானங்களில் பறக்கிறோம். ஆண்டுக்கொரு முறை குழுவாக அமெரிக்கா சென்று அங்கும் பறக்கிறோம். எக்செல் தாளில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ‘காலாவதி’ என்று ஒரு பத்தி வைத்து, தேதி நெருங்கினால் மஞ்சளாகவும் தாண்டினால் சிவப்பாகவும் மாறும்படி செய்திருக்கிறேன். 2025 ஏப்ரல் பயணத்தில் 38 வயது உறுப்பினர் ஒருவர் இரண்டு முறை பறந்த பிறகுதான், அவருடைய அமெரிக்க மருத்துவச் சான்றிதழ் மார்ச் மாதத்துடன் முடிந்துவிட்டது என்பது தெரியவந்தது. என் தாளிலோ அவர் பெயர் பச்சையாக இருந்தது. நவம்பர் 30 வரை செல்லும் என்று காட்டியது. சான்றிதழில் பரிசோதனைத் தேதி 03/11/2020 என்று தெளிவாகவே அச்சாகியிருக்கிறது. பிழை யாருடையது? இனி எப்படிப் பதிவேட்டை வைத்திருப்பது?
செங்காங் வாசகர்

பதில்: நீங்கள் தந்திருக்கும் இரண்டு முடிவுத் தேதிகளே பிழை நுழைந்த வழியைக் காட்டிவிடுகின்றன. நாம் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதிப் பழகியவர்கள். அமெரிக்க ஆவணங்கள் மாதத்தை முதலில் எழுதும். 03/11/2020 என்பதை நீங்கள் நவம்பர் மூன்றாம் தேதி என்று படித்திருக்கிறீர்கள். மருத்துவர் எழுதியதோ மார்ச் பதினொன்றாம் தேதி. பரிசோதனையின்போது நாற்பது வயது நிறையாதவருக்கு தனியார் விமானிகள் பெறும் அமெரிக்காவின் மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் அறுபது மாதம் செல்லும். அந்த அறுபதாவது மாதத்தின் கடைசி நாளன்று முடியும். ஆகவே உங்கள் வாசிப்பின்படி 2025 நவம்பர் 30, உண்மையில் 2025 மார்ச் 31. நாள் எண் பன்னிரண்டுக்குள் இருக்கும்போது மட்டுமே இந்தப் பிழை கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். 03/25 என்று இருந்திருந்தால் இருபத்தைந்தாவது மாதம் ஒன்று இல்லையே என்று எக்செல்லே முரண்டு பிடித்திருக்கும். நானும் ஒருமுறை இதே குழியில் விழுந்தவன். அதன் பிறகு, மாதம் எழுத்தால் எழுதப்படாத எந்தத் தேதியையும் என் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டதில்லை.

ஆனால் தேதியின் வரிசையைத் திருத்திவிட்டால் மட்டும் உங்கள் தாள் சரியாகிவிடாது. ‘காலாவதி’ என்று ஒரே பத்தியை வைத்ததுதான் அடிப்படைக் கோளாறு என்று நினைக்கிறேன். முடிவுத் தேதி என்பது நிகழ்ந்த ஒன்றிலிருந்து கணக்கிட்டு எடுக்கப்படுவது. நிகழ்ந்ததை எழுதாமல் கணக்கின் விடையை மட்டும் எழுதி வைத்தால், கணக்கில் பிழை நேர்ந்தாலும் விதி மாறினாலும் அதைச் சரிபார்க்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது. பரிசோதனை நடந்த நாள், சான்றிதழின் வகுப்பு, உறுப்பினரின் பிறந்த நாள், உரிமம் வழங்கிய நாடு ஆகியவற்றை எழுதுங்கள். முடிவுத் தேதியைத் தாளே கணக்கிடட்டும். விதிகள் மாறுவது அரிதல்ல. 2020இல் கொவிட்-19 பரவியபோது பல நாடுகளின் விமானப் போக்குவரத்து ஆணையங்கள் மருத்துவச் சான்றிதழ்களுக்கும் மீளாய்வுகளுக்கும் காலநீட்டிப்பு வழங்கின. மூல நாளை எழுதி வைத்திருந்த மன்றங்கள் சூத்திரத்தில் ஓர் எண்ணை மாற்றிவிட்டு நிமிர்ந்தன, விடையை மட்டும் வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு சான்றிதழையும் மீண்டும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் பயிற்றுநர் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு இருபத்துநான்கு மாதங்களுக்கு ஒருமுறை அது முடிவுக்கு வரும், அந்தத் தேதி அட்டையிலேயே அச்சாகியிருக்கும். 2024 டிசம்பர் 1 முதல் வழங்கப்படும் சான்றிதழ்களில் அத்தேதி கிடையாது. அண்மையில் பயிற்றுவித்த அனுபவம் இருக்க வேண்டும் என்ற கடமை மட்டும் தொடர்கிறது. அட்டையைப் பார்த்துத் தேதியை நகலெடுக்கும் செயலாளருக்கு இப்போது நகலெடுக்க ஒன்றும் இல்லை.

அடுத்ததாக, விமானியின் தகுதி ஒரே வகையான காலத்தால் அளக்கப்படுவதில்லை என்பதைப் பதிவேடு ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவச் சான்றிதழ் ஒரு வகை: கையில் ஒரு தாள் இருக்கிறது, அதற்கு ஒரு முடிவு இருக்கிறது. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அடிப்படை விதிப்படி தனியார் விமானிக்கு அது அறுபது மாதம், நாற்பது வயதைக் கடந்தவருக்கு இருபத்துநான்கு மாதம். சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் உட்பட ஒவ்வொரு நாட்டு ஆணையமும் தன் விதிகளை இந்த அடித்தளத்தின் மேல்தான் அமைக்கிறது.

மீளாய்வு வேறு வகை. அமெரிக்க உரிமம் வைத்திருப்பவர் விமானியாகப் பொறுப்பேற்றுப் பறக்க வேண்டுமானால், முந்தைய இருபத்துநான்கு நாட்காட்டி மாதங்களுக்குள் ஒரு பயிற்றுநரிடம் குறைந்தது ஒரு மணி நேரம் தரையிலும் ஒரு மணி நேரம் வானிலும் பறப்பு மீளாய்வை முடித்து, லாக்புக் எனப்படும் பறப்புக் குறிப்பேட்டில் அவருடைய கையொப்பத்தைப் பெற்றிருக்க வேண்டும். 2024 மார்ச் 3 அன்று முடித்தாலும் மார்ச் 28 அன்று முடித்தாலும் அது 2026 மார்ச் 31 வரை செல்லும். இடையில் ரேட்டிங் எனப்படும், உரிமத்தில் சேர்க்கப்படும் கூடுதல் தகுதி ஒன்றுக்கான தேர்வில் தேறியிருந்தால் அதுவே மீளாய்வாகவும் கணக்காகும். உறுப்பினர்கள் இதைச் செயலாளரிடம் சொல்ல மறந்துவிடுவார்கள்.

ஐரோப்பிய உரிமத்தில் கணக்கு வேறு. பிஸ்டன் எஞ்சின் ஒன்று மட்டுமே உள்ள விமானத்துக்கான ரேட்டிங் இரண்டு ஆண்டு செல்லும். அதைத் தேர்வில்லாமல் நீட்டிக்க, இரண்டாவது ஆண்டில் மட்டும் பன்னிரண்டு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் ஆறு மணி நேரம் பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும், பன்னிரண்டு புறப்பாடும் பன்னிரண்டு தரையிறக்கமும் இருக்க வேண்டும், பயிற்றுநருடன் ஒரு மணி நேரப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். முதல் ஆண்டில் ஐம்பது மணி நேரம் பறந்தவருக்கும் அந்த ஐம்பதில் ஒரு நிமிடம்கூட இதில் சேராது. இத்தகைய உறுப்பினருக்கு முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாக நினைவூட்டல் அனுப்புவது, பரீட்சைக்கு முதல் நாள் பாடப்புத்தகம் வாங்கித் தருவதைப் போன்றது. கடைசிப் பன்னிரண்டு மாதங்கள் தொடங்கும் நாளிலேயே அவருக்குச் செய்தி போக வேண்டும்.

இனிச் சொல்லப்போவது எந்தத் தாளிலும் அச்சாகாத காலம். பதிவேடுகளில் பெரும்பாலும் விடுபடுவதும் இதுதான். அமெரிக்க விதிப்படி பயணி ஒருவரை ஏற்றிச் செல்ல வேண்டுமானால், முந்தைய தொண்ணூறு நாட்களுக்குள் அதே வகை விமானத்தில் மூன்று புறப்பாடும் மூன்று தரையிறக்கமும் செய்திருக்க வேண்டும். இரவில் ஏற்றிச் செல்வதென்றால் அவை சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகும், சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பும் உள்ள இடைவெளியில் நடந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் விமானம் ஓடுபாதையில் முழுமையாக நின்றிருக்கவும் வேண்டும். தொண்ணூறு நாள் என்பதை மூன்று மாதம் என்று எண்ணிவிடக் கூடாது. ஜூலை 1 அன்று மூன்று முறை தரையிறங்கியவரின் தகுதி செப்டம்பர் 29 வரைதான்; மூன்று மாதமென எண்ணினால் அக்டோபர் 1 என்று வரும். அதைவிட நுட்பமான இன்னொன்றும் உண்டு. ஒருவர் ஜூலை 1, ஜூலை 20, ஆகஸ்ட் 5 ஆகிய நாட்களில் ஒவ்வொரு முறை தரையிறங்கியிருந்தால், தாளில் ‘கடைசியாகப் பறந்த நாள் ஆகஸ்ட் 5’ என்றிருப்பதைக் கண்டு நவம்பர் வரை கவலையில்லை என்று தோன்றும். உண்மையில் கணக்கைத் தீர்மானிப்பது கடைசியிலிருந்து மூன்றாவதாக உள்ள தரையிறக்கம். இங்கே அது ஜூலை 1. ஆகவே உறுப்பினரின் எல்லாத் தரையிறக்கத் தேதிகளையும், ஒரே நாளில் மூன்றென்றால் மூன்று வரிகளாக, வரிசையாக எழுதி, அவற்றுள் மூன்றாவது பெரிய மதிப்பைத் தேடி எடுக்கும்படி எக்செல்லுக்குச் சொல்லுங்கள். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் ரேட்டிங் உள்ளவர்களுக்கு இதே போல ஆறு மாதத்துக்குள் கருவிகளின் துணையோடு தரையிறங்க ஓடுபாதையை நெருங்கும் பறப்புகள் ஆறு வேண்டும் என்ற கணக்கும் உண்டு.

இந்த வகைத் தகுதி நம் ஊரில் எளிதில் கரைந்துபோகும். ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவமழை சனி ஞாயிறுகளை விழுங்கிவிடும். சில ஆண்டுகளில் சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டம் செப்டம்பரையும் அக்டோபரையும் எடுத்துக்கொள்ளும். உறுப்பினர் எந்தத் தவறும் செய்யவில்லை, எந்தத் தாளும் காலாவதியாகவில்லை, ஆனால் ஜனவரியில் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பறக்கும் தகுதி அவரிடம் இல்லை. தனியாகச் சென்று மூன்று முறை இறங்கிவிட்டு வந்தால் மீண்டும் கிடைத்துவிடும். பச்சை, சிவப்பு என்ற இரண்டு நிறங்களால் இந்த நிலையைச் சொல்ல முடியாது. ‘தனியாகப் பறக்கலாம், பயணியுடன் கூடாது’ என்று சொற்களால் எழுதுங்கள்.

உங்கள் உறுப்பினர்கள் வெவ்வேறு நாட்டு உரிமங்களை வைத்திருக்கக்கூடும் என்பதால் இன்னொரு பத்தியும் தேவைப்படும். 1944இன் சிகாகோ ஒப்பந்தத்தின் 32ஆவது பிரிவின்படி, அனைத்துலகப் பயணத்தில் ஈடுபடும் விமானத்தை ஓட்டுபவரிடம் அவ்விமானம் பதிவு செய்யப்பட்ட நாடு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட உரிமம் இருக்க வேண்டும். விமானத்தின் வாலில் சிங்கப்பூரின் 9வி, மலேசியாவின் 9எம், அமெரிக்காவின் என் ஆகியவற்றுள் எந்த எழுத்து இருக்கிறது என்பதைப் பொறுத்து, அதே மனிதர் அதே நாளில் தகுதியுள்ளவராகவும் தகுதியற்றவராகவும் இருக்கலாம். வேற்று நாட்டு உரிமத்தை ஆதாரமாகக் கொண்டு பெறப்படும் அமெரிக்கச் சான்றிதழில் அந்த மூல உரிமத்தின் எண் குறிக்கப்பட்டிருக்கும். மூல உரிமம் கைவசம் இருந்து நடப்பில் இருந்தால்தான் அமெரிக்கச் சான்றிதழும் உயிரோடிருக்கும். பதிவேட்டில் இவ்விரண்டையும் தனித்தனி வரிகளில் எழுதியவர்கள், ஒன்று விழுந்தால் மற்றதும் விழும் என்பதைக் காணத் தவறிவிடுகிறார்கள்.

பிழை யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். பறக்கத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது விமானியின் கடமை என்பதில் எந்த நாட்டு விதிக்கும் ஐயமில்லை. சான்றிதழ் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது, அதில் மார்ச் என்பதைப் படிக்க அவரால் முடிந்திருக்கும். ஆயினும் உங்கள் தாளில் பச்சை இருந்ததால்தான் அவர் தம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பதிவேடு நன்றாக இயங்க இயங்க உறுப்பினர்கள் தாங்களாகப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, பறப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தம் சான்றிதழைக் கையில் எடுத்து அதிலுள்ள தேதியை ஒரு தாளில் தம் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்ற வழக்கம். செயலாளரின் தாளும் இந்தத் தாளும் பொருந்தாவிட்டால் அன்று பறப்பு இல்லை. நடந்துவிட்டதைப் பொறுத்தவரை, அந்த உறுப்பினர் புதிய பரிசோதனை முடியும்வரை பறக்காமல் இருப்பதும், விமானத்தை வாடகைக்குக் கொடுத்தவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மன்றம் எழுத்துமூலம் தெரிவிப்பதும் முறை. தகுதி முடிந்த விமானியின் பறப்புக்குக் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம் என்பதால், இதை மறைத்துவைப்பது உங்களுக்கு நல்லதல்ல.

கேள்வி: என் மகள் சிலேத்தாரில் விமானம் ஓட்டக் கற்றுவருகிறாள். விமானி உரிமம் வாழ்நாள் முழுதும் செல்லும் என்று அவளுடைய நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் இத்தனை பரிசோதனைகளும் மீளாய்வுகளும் எதற்கு?
பொங்கோல் வாசகி

பதில்: 1971இல் தொடங்கப்பட்டு இளையருக்குப் பயிற்சி அளித்துவரும் மன்றம் சிலேத்தாரில்தான் இருக்கிறது என்பதால், உங்கள் மகள் நல்ல பாரம்பரியமுள்ள ஓடுபாதையிலிருந்து புறப்படுகிறாள். அவளுடைய நண்பர்கள் சொல்வது அமெரிக்க உரிமத்தைப் பற்றியதாக இருக்கலாம். அதில் முடிவுத் தேதி கிடையாது. ஆனால் உரிமம் இருப்பதும் அதைப் பயன்படுத்த முடிவதும் வேறு வேறு. நம் ஊரில் கார் ஓட்டுநர் உரிமம் கையில் இருந்தாலும் 65 வயதில் மருத்துவப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது அல்லவா? அதையே இளம் வயது முதல், இன்னும் குறுகிய இடைவெளிகளில் செய்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு இன்னொரு தேதியையும் நினைவுபடுத்துங்கள். அனைத்துலகப் பறப்பில் ஈடுபடும் விமானி, வானொலியில் பேசும் மொழியில் குறைந்தது நான்காம் நிலைத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். நான்காம் நிலைக்கு மூன்று ஆண்டுக்கொரு முறையும் ஐந்தாம் நிலைக்கு ஆறு ஆண்டுக்கொரு முறையும் மறுமதிப்பீடு தேவை என்பது அனைத்துலகப் பரிந்துரை. ஆறாம் நிலைக்கு மறுமதிப்பீடே இல்லை. சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் படித்த பிள்ளைக்கு ஆறாம் நிலை எட்டாக்கனியன்று. தொடக்கத்திலேயே அதற்கு முயன்றால் பதிவேட்டில் ஒரு பத்தி என்றென்றைக்கும் குறைந்துவிடும்.

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கும் என் மருமகன் அங்குள்ள ஒரு மன்றத்தில் உறுப்பினர். வரும் மாதம் அவருக்கு நாற்பது வயது நிறைகிறது. மருத்துவச் சான்றிதழுக்கு இன்னும் ஓராண்டு இருந்தும், பிறந்தநாளுக்கு முன்பே புதிய பரிசோதனைக்குப் போகும்படி மன்றத்தார் சொல்கிறார்களாம். இது எதற்கு?
பிடோக் வாசகர்

பதில்: கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லும் ஆலோசனைதான். அமெரிக்காவில் மூன்றாம் வகுப்புச் சான்றிதழின் காலம், பரிசோதனை நடந்த நாளில் இருந்த வயதைப் பொறுத்தது. நாற்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள் பரிசோதனை நடந்தால் அறுபது மாதம் கிடைக்கும். பிறந்தநாளன்று நடந்தால் இருபத்துநான்கு மாதம்தான். கையிலுள்ள ஓராண்டை விட்டுக்கொடுத்து ஐந்தாண்டைப் பெறுகிறார். இதை அப்படியே ஐரோப்பாவிலுள்ள நண்பருக்குச் சொல்லிவிட வேண்டாம். அங்கே நாற்பதுக்கு முன் பெற்ற இரண்டாம் வகுப்புச் சான்றிதழ், அதில் எத்தனை மாதம் எழுதப்பட்டிருந்தாலும், நாற்பத்திரண்டு வயதுடன் முடிந்துவிடும்.

அமெரிக்காவில் 2017 முதல் பேசிக்மெட் என்ற மாற்றுவழியும் இருக்கிறது. உரிமம் பெற்ற மருத்துவர் ஒருவரிடம் நாற்பத்தெட்டு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையும், இருபத்துநான்கு மாதத்துக்கு ஒருமுறை இணையவழிப் பாடமும் போதும். இரண்டு கடிகாரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால் பதிவேட்டில் இரண்டு வரிகள் வேண்டும். அதை ஏற்கும் வேற்று நாடுகள் மிகச் சில என்பதால், சிங்கப்பூருக்கு வரும்போது இங்கும் பறக்க நினைத்தால் அவருக்கு அது உதவாது.

உங்கள் மருமகனிடம் சொல்ல என் சொந்தக் கருத்து ஒன்றும் உண்டு. ஐந்தாண்டுச் சான்றிதழைப் பெறுவது சட்டத்துக்கு உட்பட்ட சாமர்த்தியம், தாராளமாகச் செய்யட்டும். ஆனால் நம்மவர்களுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் எட்டிப் பார்க்கும் வயது நாற்பது. சான்றிதழ் நடப்பில் இருந்தாலும், பறக்கத் தகாத உடல்நிலையில் இருப்பது தெரிந்தால் பறக்கக் கூடாது என்றே விதி சொல்கிறது. தடுமனுக்குப் போட்ட தூக்கம் வரும் மாத்திரையைக்கூட எந்தப் பதிவேடும் காட்டாது. ஆகவே குடும்ப மருத்துவரிடம் ஆண்டுக்கொரு முறை தனியாகப் போய்வரட்டும்.

கேள்வி: தகுதி முடிந்தவர் முன்பதிவு செய்ய முடியாதபடி தடுக்கும் செயலிகள் இருக்கும்போது, இன்னும் எக்செல்லைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?
ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: செயலியை வாங்குங்கள், ஆனால் அது எந்த நாளை ஒப்பிடுகிறது என்று முதலில் சோதித்துப் பாருங்கள். மே 20 அன்று ஒருவர் ஜூன் 5க்கு விமானத்தை முன்பதிவு செய்கிறார். அவருடைய மருத்துவச் சான்றிதழ் மே 31 அன்று முடிகிறது. முன்பதிவு செய்யும் நாளைப் பார்க்கும் செயலி அனுமதித்துவிடும். பறக்கும் நாளைப் பார்க்கும் செயலி தடுக்கும், ஆனால் அவர் ஜூன் 2 அன்று பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருந்தால் வீணாகத் தடுக்கும். முன்பதிவின்போது எச்சரித்து, பறக்கும் நாள் காலையில் தடுப்பதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

நேர மண்டலத்தையும் பாருங்கள். சிங்கப்பூரில் ஏப்ரல் 1 காலை விடியும்போது கலிபோர்னியாவில் இன்னும் மார்ச் 31 பிற்பகல்தான். செயலியின் கடிகாரம் அங்கே இருந்து நீங்கள் இங்கே பறந்தால், முடிந்துபோன சான்றிதழை அது பல மணி நேரம் பச்சையாகவே காட்டும்.

நினைவூட்டல்களில் ஒன்றைத் தொண்ணூறு நாள் முன்னதாக வையுங்கள். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் நேரம் கிடைக்கவும், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களிடம் கூடுதல் அறிக்கைகள் கேட்கப்பட்டால் அவற்றைத் திரட்டவும் அந்த அவகாசம் தேவைப்படும். முப்பதாம் நாளிலும் ஏழாம் நாளிலும் மற்றவை. தினந்தோறும் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் மன்றச் செயலாளர் ஒவ்வொரு மாதமும் யார் யாருக்கு எது காலாவதி என்று பெயர், வயது, அடையாள அட்டை எண்ணுடன் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார் என்றாலும் எனக்கு உறுத்துகிறது.
உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: உறுத்துவது சரிதான். 2012இல் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சிறிய மன்றங்களையும் கட்டுப்படுத்தும். 2019 செப்டம்பர் முதல், சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்தே ஆக வேண்டியிருந்தாலோ தவிர, அடையாள அட்டை எண்ணைத் திரட்டுவதும் வெளியிடுவதும் கூடாது. பறக்கும் தகுதியைக் கண்காணிக்க அந்த எண் தேவையே இல்லை. மன்ற உறுப்பினர் எண் போதும்.

வயதுக் கணக்குக்காகப் பிறந்த நாளைப் பதிவேட்டில் வைத்தே தீர வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதைச் செயலாளரும் அவரில்லாதபோது பொறுப்பேற்பவரும் மட்டும் பார்க்கும்படி பூட்டி வைக்கலாம். மருத்துவ அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குவது அதிகப்படி. சான்றிதழின் வகுப்பும் பரிசோதனை நாளும், அதில் எழுதப்பட்டிருக்கும் கட்டுப்பாடுகளும் தெரிந்தால் கணக்குக்குப் போதுமானவை. மூக்குக்கண்ணாடி அணிந்து பறக்க வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடு உடன் பறப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அதன் காரணம் தெரிய வேண்டியதில்லை.

குழுவில் போட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வரும் சனிக்கிழமை பறப்போர் பட்டியலில் இருப்பவர்கள் தங்கள் தேதிகளைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை இரவுக்குள் செயலாளருக்குத் தனியாக எழுத வேண்டும் என்ற அறிவிப்பு. எழுதாதவர் பெயர் சனிக்கிழமைப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் நீங்கிவிடும். ஏன் நீங்கியது என்று அவர் மட்டும் கேட்பார். அவருக்கு மட்டும் சொன்னால் போதும்.